வெனிஸில் ஏறலாம் என்றார்கள், கப்பல் ரவென்னாவில் நின்றது: ரயிலும் குரூஸும் சேர்ந்த பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ரயிலில் பார்த்துவிட்டு, வெனிஸிலேயே கப்பலேறி ஏட்ரியாட்டிக் கடலில் ஒரு வாரம் சுற்றலாம் என்று ஒரு டிராவல் ஏஜென்சி எங்களுக்கு விற்றது. ரயில் டிக்கெட், ஹோட்டல், கப்பல் எல்லாம் அதில் அடக்கம். ஒரே விலை, ஒரே முன்பணம். ஆனால் அந்தக் கப்பல் வெனிஸ் பக்கம் வருவதே இல்லை. அது நிற்பது ரவென்னாவில், வெனிஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி. எங்களுக்கு இது தெரிந்தது கப்பலேறுவதற்கு முந்தைய நாள் மாலை.

புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் ஏராளம்.

முதலில் வெனிஸ் விஷயம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் 180 மீட்டருக்கு மேல் நீளமானவையும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பிலும் ஜூதெக்கா கால்வாயிலும் நுழைய இத்தாலி அரசு தடை போட்டுவிட்டது. இன்றைக்கு ஓடும் பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் இந்த அளவைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் சில கப்பல்கள் வெனிஸுக்கு எதிர்க்கரையிலுள்ள மார்கேராவுக்குப் போகின்றன, சில த்ரியெஸ்தேவுக்கு, சில ரவென்னாவுக்கு. தடை நல்லதுதான், அந்த நகரத்துக்கு அது தேவை. ஆனால் விற்கிறவர்கள் மட்டும் ‘வெனிஸ்’ என்ற பெயரை விடவில்லை. வெனிஸ் என்றால் விற்கும், ரவென்னா என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

எங்கள் ஏஜென்சி கொடுத்த பயணத் திட்டத்தில் கடைசிவரை ‘வெனிஸில் கப்பலேறுதல்’ என்று மட்டுமே இருந்தது. கப்பல் வவுச்சரை அனுப்பச் சொல்லிப் பலமுறை கேட்டோம். “வரும் சார், கம்பெனிலேர்ந்து வந்ததும் அனுப்பிடுவோம்” என்பதுதான் பதில். வந்தபோது அதில் ‘வெனிஸ் (ரவென்னா)’ என்று இருந்தது. உடனே போன் செய்தோம். அந்தப் பக்கத்திலிருந்த பையன் கொஞ்சமும் தயங்காமல், “அது வெனிஸ் போர்ட்தான் சார், டெர்மினல் பேருதான் ரவென்னா” என்றான். மேப்பைத் திறந்து பார்த்தால் நடுவே போ ஆற்றின் கழிமுகம் முழுக்கக் கிடக்கிறது!

‘துறைமுகத்துக்குக் கார் இலவசம்’ என்று பேக்கேஜில் இருந்ததே, அதுவாவது காப்பாற்றும் என்று நினைத்தோம். மறுநாள் காலை கார் வந்தது. டிரைவரின் தாளில் இருந்த இடம் வெனிஸ் மரித்திமா, அதாவது தீவை ஒட்டிய பழைய கப்பல் முனையம். கப்பலின் பெயரைச் சொன்னதும் அவரே தலையை ஆட்டி, அது அங்கே வருவதில்லை என்றார். ரவென்னாவுக்குப் போக அவருக்கு உத்தரவு இல்லை. கப்பல் கம்பெனி வெனிஸிலிருந்து விடுகிற பஸ்ஸில் முன்கூட்டியே பதிந்தவர்களுக்குத்தான் இடம். ரயிலில் போகலாம் என்றால் ஃபெர்ராராவிலோ போலோஞ்ஞாவிலோ மாற வேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். ரவென்னா ஸ்டேஷனில் இறங்கினாலும் கப்பல் முனையம் கடலோரத்தில் போர்த்தோ கோர்சினியில் இருக்கிறது. லக்கேஜோடு நடக்கிற தூரமில்லை. கூட முழங்கால் வலியோடு அம்மா. வேறு வழியில்லாமல் டாக்ஸி பிடித்தோம். 280 யூரோ.

கப்பலைப் பிடித்துவிட்டோம், அது வேறு விஷயம். கப்பல் நமக்காகக் காத்திருக்காது. பயணிகள் பட்டியலை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டியிருப்பதால், புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுகிறார்கள். வராமல் போனால் பொதுவாக முழுக் கட்டணமும் போச்சு. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். அதற்குக் கப்பல் கம்பெனி சம்மதிக்க வேண்டும், அடுத்த துறைமுகம் இருக்கிற நாட்டுக்கு விசாவும் வேண்டும்.

விசா என்றதும் கவுன்டரில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே ஏஜென்சியில் அதே பேக்கேஜை வாங்கியிருந்த ஒரு வயதான தம்பதி எங்களுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களிடம் இருந்தது ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. கப்பல் போகிற வழியில் மாண்டினீக்ரோவின் கோட்டோர் இருந்தது. மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. கோட்டோருக்குள் நுழைந்த உடனேயே ஒருமுறை விசா முடிந்துவிடும், திரும்ப இத்தாலிக்குள் வர முடியாது. கப்பல்காரர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த விசாவுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே அதே ஏஜென்சிதான், கோட்டோர் இருக்கிற பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு! அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கணவர் யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. எங்கள் விசா பலமுறை நுழையும் விசாவாக வந்திருந்ததால் தப்பித்தோம். ஏஜென்சிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. பழைய பயணங்களைப் பார்த்துத் தூதரகமே கொடுத்தது.

திரும்பும்போது அடுத்த கூத்து. கப்பல் காலையில் ரவென்னாவுக்கு வந்து நின்றது. எங்களுக்குப் போட்டிருந்த ரயிலோ வெனிஸ் சாந்தா லூச்சியாவிலிருந்து காலை பத்தரை மணி வாக்கில் ரோமுக்கு. கப்பல் கரை சேர்ந்ததும் இறங்கிவிட முடியாது. தளம் தளமாக, கலர் கலராக டோக்கன் கொடுத்துத்தான் விடுவார்கள். நாங்கள் இறங்கும்போதே ஒன்பது தாண்டிவிட்டது. 150 கிலோமீட்டர் போய் அந்த ரயிலைப் பிடிக்க இறக்கை வேண்டும். டிக்கெட்டும் இருப்பதிலேயே மலிவான வகை, மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. இத்தாலியின் அதிவேக ரயில்களில் முன்கூட்டி எடுக்கும் சலுகைக் கட்டணம் அப்படித்தான், அதில் ரயில்வேயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் இறக்கிவிடுகிற காலையில் அந்த வகை டிக்கெட்டைப் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

உண்மையில் ரோம் போக வெனிஸ் பக்கம் திரும்பவே தேவையில்லை. ரவென்னாவிலிருந்து போலோஞ்ஞாவுக்குச் சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல, அங்கிருந்து ரோமுக்கு அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அப்படித்தான் கடைசியில் போனோம், அன்றைய விலையில் புது டிக்கெட் எடுத்து. முதலிலேயே ரவென்னா என்று சொல்லியிருந்தால் வெனிஸை முதலில் பார்த்து, ஃப்ளாரன்ஸ் வந்து, போலோஞ்ஞா வழியாக நேரே கப்பலுக்குப் போயிருக்கலாம். ரவென்னாவில் ஒரு இரவு தங்கியும் இருக்கலாம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்களுக்காகவே அந்த ஊர்த் தேவாலயங்களைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள், யுனெஸ்கோ பட்டியலில் 1996-லேயே சேர்த்தாயிற்று. நாங்கள் பார்த்தது ஸ்டேஷனும் டாக்ஸி ஸ்டாண்டும்தான். பணம் போனதைவிட இதுதான் எனக்கு எரிச்சல்.

ஹோட்டலும் இதே கதை. வெனிஸ் ஹோட்டல் என்றார்கள், இருந்தது மெஸ்த்ரேயில். அது பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதி. ரயிலில் பத்து நிமிடம், மோசமில்லை. பாலமும் படிகளுமாக இருக்கிற வெனிஸில் பெட்டியை இழுப்பதைவிட இது மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கால்வாய்ப் படத்தைக் காட்டி அந்த விலை வாங்கியிருக்க வேண்டாம்.

ஊர் திரும்பியதும் ஏஜென்சியிடம் கேட்டோம். ரவென்னா விஷயத்துக்கு, “அது கப்பல் கம்பெனி முடிவு சார்.” ரயிலுக்கு, “ரயில்வே ரூல் சார்.” காருக்கு, “லோக்கல் ஆப்பரேட்டர் தப்பு சார்.” அப்புறம் பில்லை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. ஒரே தொகையாகக் கட்டிய பணத்துக்கு நான்கு தனித்தனி பில் போட்டிருக்கிறார்கள்: ரயில், ஹோட்டல், கார், கப்பல். ஒவ்வொன்றின் அடியிலும் ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று ஒரு வரி. விளம்பரத்தில் ஒரே பயணம், பில்லில் நான்கு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் யார் பொறுப்பு என்று எங்கேயும் இல்லை. எங்கள் பணம் போனதெல்லாம் அந்த இடங்களில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 2015/2302 என்ற எண்ணுள்ள வழிகாட்டு ஆணை. இரண்டு வகைப் பயணச் சேவைகளைச் சேர்த்து ஒரே மொத்த விலைக்கு விற்றால் பில் எத்தனை போட்டாலும் அது பேக்கேஜ்தான், நடத்துபவர்தான் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. பிரிட்டனில் 2018 முதல் இதே போன்ற விதிமுறை உண்டு. ஆனால் இது அங்கே விற்கிறவர்களையும் அங்குள்ள வாடிக்கையாளர்களைக் குறிவைத்து விற்கிறவர்களையும்தான் கட்டுப்படுத்தும். மற்றவர்கள் தங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ரயில் தாமதமானால் ஐரோப்பிய விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் கேட்கலாம். கவனியுங்கள், அது டிக்கெட் விலையில். தவறவிட்ட கப்பலுக்கு ரயில்வே பணம் தராது.

வெனிஸ் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ‘ரோம்’ என்று விற்கும் கப்பல்கள் நிற்பது சிவித்தாவெக்கியாவில், 70 கிலோமீட்டருக்கு மேல். ‘ஃப்ளாரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, அது இன்னும் தூரம். ‘லண்டன்’ பெரும்பாலும் சவுத்தாம்டன். இவையெல்லாம் ரகசியமில்லை, ரயில் வசதியும் உண்டு. சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கப்பல் முனையத்தின் முழு முகவரியை எழுத்தில் கேளுங்கள். ஊர்ப்பெயர் போதாது. முனையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார், ரயில் தாமதமானால் செலவு யாருடையது என்று மெயிலில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம். கப்பலேறும் நாளன்று வேறு ஊரிலிருந்து ரயிலில் வருகிற மாதிரித் திட்டம் போட்டால் மறுத்துவிடுங்கள். இத்தாலியில் ரயில் ஸ்டிரைக் அடிக்கடி வரும். முந்தைய இரவே துறைமுக ஊரில் இருப்பதுதான் நிம்மதி.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ஏஜென்சியின் விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு அவர்கள் பக்கத்தில் ‘வெனிஸ்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ரவென்னா முளைத்திருக்கிறது. பழைய படம் எங்களிடம் இருப்பதால்தான் கார்டு வங்கி எங்கள் புகாரை எடுத்துக்கொண்டது. டாக்ஸிப் பணத்தை மட்டும் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்வதாகப் போன வாரம் ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. முடியாது என்று பதில் போட்டிருக்கிறோம்.