கார் பெயின்டில் ஒட்டிய தார்: மண்ணெண்ணெயா, கிளே பாரா, தார் ரிமூவரா?

புதிதாகச் சாலை போடும் இடத்தைக் கடந்து வந்த காரின் கீழ்ப்பகுதியைக் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடியில், பின் பம்பர் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் அப்பியிருக்கும். ஷாம்பு போட்டு எவ்வளவு கழுவினாலும் அசையாது. இதை எடுக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: மண்ணெண்ணெய், பெட்ரோல், துருவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே, தேங்காய் எண்ணெய், கிளே பார் என்னும் களிமண் கட்டி, தார் ரிமூவர் ஸ்ப்ரே. இவற்றில் பலவற்றை என் காரிலேயே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது தார் ரிமூவரோடு நின்றுவிட்டேன். அதற்கான காரணத்தையும், மற்ற வழிகள் எங்கே கைகொடுக்கும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் எளிதான விஷயம். சாலையில் ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது, நாம் தார் என்று சொல்லும் பிட்டுமன். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் அடியில் தங்கும் கனமான பகுதி அது. அதனால்தான் தண்ணீருக்கும் சோப்புக்கும் மசியாது. எண்ணெய் வகைக் கரைப்பான்களில் கரைந்துவிடும். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன பட்டியலில் கிளே பாரைத் தவிர மற்ற எல்லாமே தாரைக் கரைக்கவோ இளக்கவோ செய்யும். எது கரைக்கும் என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்த முறைக்கு எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கிறது?

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத அடுக்கு ஒன்று இருக்கிறது. பளபளப்பைத் தருவதும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். காரின் ஆயுள் முழுக்க இந்த மெல்லிய அடுக்கை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் போகிறது. போனது திரும்பாது.

இதில் தாரின் பங்கு என்ன? காரில் ஒட்டியிருப்பது வெறும் தார் அல்ல. சக்கரம் வாரி இறைக்கும்போது மணலும் ஜல்லித் தூளும் அதோடு கலந்தே வந்து ஒட்டுகின்றன. தாரைத் துடைத்தெடுத்த துணியை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படும். அந்த நறநறப்பைத்தான் நாம் துணியால் அழுத்தி கிளியர் கோட்டின் மேல் இழுத்துக்கொண்டிருக்கிறோம். தார் போன இடத்தில் வெயில் படும்போது வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் மின்னுவது இதனால்தான். பழி மண்ணெண்ணெய் மேல் விழும். உண்மையில் அது தேய்த்த தேய்ப்பின் வேலை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெட்ரோலை ஒரேயடியாக ஒதுக்கிவிடுங்கள். அதன் ஆவி உறைகுளிரில்கூடத் தீப்பிடிக்கும். பென்சீன் கலந்திருப்பதால் சுவாசிக்கவும் கூடாது. அது போக, ஊற்றிய வேகத்தில் ஆவியாகிவிடுகிறது. தாருக்குள் இறங்க நேரமே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட நாம்தான் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். தின்னர் அதைவிட மோசம். தார் எது, பெயின்ட் எது என்று அது பார்ப்பதில்லை. குறிப்பாக, டச்சிங் செய்த, மறுபடி பெயின்ட் அடித்த பாகங்களில் பெயின்டையே இளக்கிவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனுக்கும் இதே கதைதான்.

மண்ணெண்ணெய் உண்மையாகவே வேலை செய்யும். இதை மறைக்க வேண்டியதில்லை. மெதுவாக ஆவியாவதால் தாரோடு ஊறிக் கிடக்க நேரம் கிடைக்கிறது. பெட்ரோலைவிட ஆபத்தும் குறைவு. ஆனால் நீர்போல ஓடும் திரவம் இது. கதவு போன்ற நிமிர்ந்த பரப்பில் தடவினால் தார்ப் புள்ளியின் மேல் நிற்காமல் வழிந்து இறங்கிவிடுகிறது. ஆகவே எல்லோரும் செய்வது, துணியை நனைத்துத் தேய்ப்பது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பஞ்சை நனைத்துப் புள்ளியின் மேல் ஒட்டவைத்து, சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு ஒற்றி எடுத்தால் மண்ணெண்ணெயும் நல்ல கருவிதான். பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு இந்தப் பொறுமை சரி. காரின் இரண்டு பக்கமும் அப்பியிருந்தால் அந்தப் பொறுமை யாருக்கும் வராது. கை தானாகத் தேய்க்க ஆரம்பித்துவிடும். கூடவே அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் தூசியை இழுக்கும், அதை ஷாம்பு போட்டு முழுமையாகக் கழுவ வேண்டும். டீசலுக்கும் இதையே சொல்லலாம், எண்ணெய்ப் பசை மட்டும் இன்னும் அதிகம்.

டபிள்யூடி-40-ஐப் பலர் பரிந்துரைப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான கரைப்பான்; மிச்சத்தில் முக்கியமானது எண்ணெய். ஸ்ப்ரேயாக வருவதால் குறிபார்த்து அடிக்கலாம், எண்ணெய் கலந்திருப்பதால் சற்று நேரம் தங்கவும் செய்யும். வீட்டில் ஏற்கெனவே டப்பா இருந்து, நாலைந்து புள்ளிகள்தான் என்றால் வேறொன்று வாங்கப் போக வேண்டாம். ஆனால் அதில் உள்ள எண்ணெய் துருவைத் தடுக்கவும் பாகங்கள் உராயாமல் இருக்கவும் சேர்த்தது. பெயின்டின் மேல் அது தங்கினால் அடுத்துப் போடும் வாக்ஸ் (பெயின்டைக் காக்கப் பூசும் மெழுகு) ஒழுங்காகப் பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் இருப்பதிலேயே சாதுவானது, இருப்பதிலேயே மெதுவானதும்கூட. நேற்று ஒட்டிய தாருக்குச் சரி. காய்ந்து இறுகியதற்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கிளே பார்தான் தார் ரிமூவருக்கு நேர் எதிரில் வைத்துப் பேச வேண்டியது, ஏனென்றால் காரைப் பார்த்துப் பார்த்துக் கவனிப்பவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். பிசைந்தால் இளகும் இந்தக் களிமண் கட்டி எதையும் கரைப்பதில்லை. பரப்பின் மேல் துருத்திக்கொண்டிருப்பதைப் பக்கவாட்டில் உரசிப் பிடுங்கித் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. பெயின்ட் தூறல், தொழிற்சாலைப் புகைத் துகள், கழுவியும் போகாத சொரசொரப்பு ஆகியவற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கழுவிக் காய்ந்த பானெட்டை மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். கிளே பார் போட்ட பிறகு அதே பை வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் திருப்தியே தனி.

ஆனால் தாருக்கு அது முதல் ஆயுதம் அல்ல. உரசுவதுதான் அதன் வேலையே, அதனால் என் அளவுகோலில் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. தார்ப் புள்ளியில் இழுத்தால் கொஞ்சம் கட்டியில் ஒட்டும், மிச்சம் பெயின்டில் பழுப்பாகத் தீற்றிக்கொள்ளும். சில இழுப்புகளில் கட்டி கறுத்துவிடும். தாரோடு வந்த மணல் இப்போது கட்டியின் முகத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்த இழுப்பில் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. மடித்து மடித்துப் பிசைந்து புது முகம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வழுக்கும் திரவத்தைத் தாராளமாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை தவறிக் கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் லேசான மங்கல் தெரியும். அதை எடுக்கப் பாலிஷ், பாலிஷுக்குக் கொஞ்சம் கிளியர் கோட். தாரைக் கரைப்பானால் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சும் சொரசொரப்புக்குக் கிளே பாரைக் கொண்டுவந்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

இனி தார் ரிமூவர். இதிலும் இருப்பது பெட்ரோலிய வகைக் கரைப்பான்தான். மண்ணெண்ணெயின் தூரத்துச் சொந்தத்துக்கு இவ்வளவு காசா என்று கேட்டால், கேள்வி சரியானதுதான். காசு கொடுப்பது கரைக்கும் சக்திக்கு மட்டும் அல்ல. நல்ல தார் ரிமூவர் சற்றுத் தடிப்பாகவோ நுரையாகவோ வந்து நிமிர்ந்த பரப்பிலும் ஒட்டி நிற்கும். பலவற்றில் தண்ணீரோடு கலந்து போகவைக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள், அதனால் கழுவும்போது எண்ணெய்ப் படலம் தங்குவதில்லை. இந்த இரண்டும்தான் தேய்ப்பதை மிச்சப்படுத்துகின்றன.

செய்யும் விதம் இது. முதலில் காரைக் கழுவி மண்ணை முழுக்க இறக்கிவிட வேண்டும். பிறகு ஈரத்தைத் துடைத்து உலர விட வேண்டும். பெயின்ட் ஈரமாக இருந்தால் கரைப்பான் தாரைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதக்கும். நிழலில், உலோகம் சூடாறிய பின்புதான் அடிக்க வேண்டும். வெயிலில் தார் இளகியிருக்கிறதே, அப்போது எடுப்பது சுலபம்தானே என்று தோன்றும். சூட்டில் கரைப்பான் வேலையைத் தொடங்கும் முன்பே காய்ந்துவிடும், அதுதான் பிரச்சினை.

அடித்ததும் உடனே துணியை வைக்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருங்கள். கறுப்புப் புள்ளியின் ஓரம் முதலில் பழுப்பாகக் கசியும். பிறகு அந்தப் பழுப்பு, டீ நிறத்தில் கோடாக இறங்கும். சின்னப் புள்ளிகள் ஓரிரு நிமிடத்தில் முழுக்கக் கரைந்து அந்தக் கோட்டோடேயே வழிந்துவிடும். அப்போது மடித்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒற்றி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. துணியின் அந்த முகம் முடிந்தது. அடுத்த முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் திரவத்தில் நனைத்த டிஷ்யூவை அதன் மேல் ஒட்டிவிட்டு மற்ற இடங்களைப் பார்க்கலாம். அது அப்படியும் அசையவில்லை என்றால் மறுபடி அடித்துக் காத்திருக்க வேண்டும். விரலுக்கு வேலை கொடுக்கவே கூடாது. பெயின்டின் மேலேயே காயவும் விடக்கூடாது. முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். தார் துடைத்த துணியைக் காருக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. நாற்றம் கடுமை, கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தாரோடு சேர்த்து வாக்ஸையும் கழற்றிவிடும், அதனால் அந்த இடத்தில் மறுபடி வாக்ஸ் போட்டே ஆக வேண்டும். இந்த வேலை மண்ணெண்ணெய்க்கும் உண்டு என்பதால் இதைத் தனிக் குறையாக நான் கணக்கில் வைப்பதில்லை. ஹெட்லைட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், கரைப்பான் பட்டால் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்பு விடக்கூடும். பெயின்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பெயின்டைக் காக்க ஒட்டும் ஃபிலிமின் ஓரம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அண்மையில் மறுபடி பெயின்ட் அடித்த பாகம் என்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து எடுக்கும் லிமோனீன் கலந்த வகைகளும் கிடைக்கின்றன. வாசனை தாங்கிக்கொள்ளும்படி இருக்கிறது, தாரையும் கரைக்கிறது. அதை நான் கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறேன். புதுத் தாரில் நன்றாக வேலை செய்தது. பழைய தாரில் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். அடித்ததும் ஊதா நிறமாக மாறும் ஸ்ப்ரேக்கள் இரும்புத் துகளுக்கானவை. பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டும் துகளோடு வினைபுரிந்துதான் அந்த நிறம் வருகிறது. தாரை அவை தொடாது. ஸ்டிக்கர் பசைக்குத் தார் ரிமூவரே போதும், முதலில் ஹேர் டிரையரால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்துவிட்டால் வேலை பாதி. மரப்பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மேல். பூச்சிக் கறைக்கு ஈரத்துணியை ஊறவைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும், காயவிட்டால்தான் தொல்லை.

மாதக்கணக்கில் விட்டுவைத்த தாரில் இன்னொன்றையும் பார்க்கலாம். கட்டி முழுக்கப் போன பிறகும் வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் அதே இடத்தில் மஞ்சளாக ஒரு நிழல் நிற்கும். தாரின் எண்ணெய்ப் பகுதி கிளியர் கோட்டுக்குள் இறங்கிய கறை அது. மறுபடி தார் ரிமூவர் அடித்து ஊறவைத்தால் கொஞ்சம் வெளுக்கும். மிச்சத்துக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும், கையால், மென்மையான பாலிஷ் போதும். பாலிஷ் மெஷினும், காம்பவுண்ட் என்னும் சொரசொரப்பான பாலிஷும் வேண்டாம்.