வைஃபை எடுக்காத கணினிக்கு மூன்று வழிகள்: புதிய கேர்னலா, தனி டிரைவரா, வேறு டொங்கிளா?

சென்ற ஆண்டு, உயர்தரம் படிக்கும் அக்காவின் மகளுக்காக மாங்குளத்து வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டினேன். மதர்போர்டும் பிராசசரும் ஏற்கனவே பாவித்தவை. மற்றப் பாகங்கள் வவுனியாவில் வாங்கியவை. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் தடங்கலின்றி ஏறியது, வைஃபை மட்டும் எடுக்கவில்லை. சிம் போட்ட ரவுட்டர், சிக்னல் கிடைக்கும் முன்விறாந்தையில் இருக்கிறது, கணினியோ பின்னறையில். ஆகவே யூஎஸ்பி துளையில் செருகி வைஃபை பிடிக்கும் டொங்கிள் ஒன்றையே நம்பியிருந்தோம். "எல்லாத்திலயும் வேலை செய்யும் தம்பி" என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் அது.

டெர்மினலில், செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தபோது ரியல்டெக் 8188ஜியூ என்ற பெயரும், அருகே 'டிரைவர் சிடிரொம் மோட்' என்ற குறிப்பும் வந்தன. அந்தப் பெயரை நம்பி, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடியிருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்கும். மலிவான ரியல்டெக் டொங்கிள்கள் பல, விண்டோஸ் டிரைவரைச் சுமந்த ஒரு போலி சிடியாகவே முதலில் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. பைல் மனேஜரில் தெரியும் அந்தச் சிடியை இஜெக்ட் செய்தால், அல்லது யூஎஸ்பி மோட்சுவிச் என்ற சிறு மென்பொருள் அதைத் தானே செய்தால், அடையாள எண் மாறி உண்மையான சிப் வெளிப்படும். எங்களுடையது 8811சியூ. சிப்பின் பெயர் தெரிந்த பிறகே மூன்று வழிகளையும் எடைபோட முடிந்தது.

முதலாவது, புதிய கேர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதி. இந்தச் சிப்பின் யூஎஸ்பி வகைக்கான ஆதரவு கேர்னல் 6.2 இல்தான் சேர்ந்தது. டெபியன் 12 வருவதோ 6.1 உடன். ஒரு நிமிடத்தில் தவறவிட்ட பேருந்து மாதிரித்தான். 2024 இல் வெளியான மற்றொரு லினக்ஸான உபுண்டு 24.04 இலும் அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 இலும் 6.8 உண்டு, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 6.12. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் ஏற்றி டொங்கிள் எடுக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்பது இவ்வழியின் பெரிய ஆறுதல். செலவு டேட்டாவில்தான்: மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு அதைப்போல் இரு மடங்கு. டெபியன் 12 ஐ விட மனமில்லாதவர் பழைய பதிப்புக்கும் புதிய மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து 6.12 கேர்னலையும், ஏற்கனவே இல்லையென்றால் ரியல்டெக் பேர்ம்வெயரையும் (சிப்புக்குள் ஏறும் சிறு நிரல்) மட்டும் இறக்கலாம்; அதற்குக் கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டால் போதும், தனி டிரைவர் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, இணையத்திலுள்ள மூலநிரலை எடுத்து, ஒவ்வொரு கேர்னலுக்கும் டிரைவரைத் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் டிரைவரை நாமே தொகுப்பது. இணைய வழிகாட்டிகள் பல இதைத்தான் முதலில் சொல்கின்றன; நான் கடைசியில் வைப்பேன். தொகுக்கத் தேவையான கம்பைலரும் கேர்னல் ஹெடர்களும் இறக்க வேண்டும், கையொப்பமில்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் இயங்கினால் சாவியைப் பதிந்து அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும் என்பவை ஒருநாள் தொல்லைகள். உண்மையான தொல்லை பின்னால் வருகிறது: கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் டிரைவர் மறுபடி தொகுக்கப்படுவதால், மூலநிரலைப் பராமரிப்பவர் புதிய கேர்னலுக்கேற்ப அதைத் திருத்தியிராவிட்டால் ஒரு காலையில் வைஃபை காணாமற்போகும். நான் கிளிநொச்சியில் வேலையில் நிற்கும் நாளில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, டொங்கிளையே மாற்றுவது. அதெரோஸ் ஏஆர்9271 சிப் கொண்டவற்றுக்கு 2010 முதலே கேர்னலில் இடமுண்டு. அதன் பேர்ம்வெயரும் திறந்த மூலம். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். எங்கள் ரவுட்டருக்கு வரும் வேகம் அதைவிடக் குறைவென்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை. குறை வேறிடத்தில்: டொங்கிள் பெட்டிகளில் சிப்பின் பெயரை அச்சிடுவது அரிது, ஒரே மாடல் இலக்கத்துக்குள் தயாரிப்பாளர் சிப்பை மாற்றிவிடுவதும் உண்டு. வவுனியாவுக்குப் பேருந்தில் போய், அதே ரியல்டெக்கை வேறு நிறப் பெட்டியில் வாங்கி வரலாம். லைவ் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் சோதிக்க அனுமதிப்பார்களா என்று கேட்பது நல்லது; எனக்கு அனுமதித்தார்கள்.

இந்த வரிசை டொங்கிளுக்கானது. பழைய என்விடியா ஜிடி 710 போன்ற கிராபிக்ஸ் கார்ட்களில் புதிய கேர்னலே வில்லங்கமாகலாம், ஏனெனில் அவற்றுக்கான 470 வரிசை டிரைவருக்கு நிறுவனம் 2024 இல் ஆதரவை நிறுத்திவிட்டது. அங்கே கேர்னலுடன் வரும் நூவோ என்ற திறந்த மூல டிரைவரோடு அமைதியாக இருப்பதே மேல். பாடக் குறிப்பு எழுதவும் காணொளி பார்க்கவும் அது போதும்.

மருமகளின் கணினியில் இப்போது இருப்பது மின்ட் 22, அதே எட்டு-எட்டு-பதினொன்று டொங்கிள். ஏஆர்9271 ஐயும் ஒன்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டிருக்கிறேன்.