சென்னைப் புழுக்கத்தில் மலிவுச் சுருட்டுகள்

விலை குறைந்த சுருட்டு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். சென்னையில் விலையை விட ஈரமும் சூடும்தான் பெரிய வில்லன். சில வருடங்களாகத் திருச்சி, இத்தாலி, கியூபா, டொமினிக்கன் குடியரசு என்று கைக்கு எட்டியதையெல்லாம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்ததில், மலிவாக விற்பதற்கென்றே பிறந்த சுருட்டுகள்தான் என்னிடம் நிலைத்தன. உயர்ந்த ரகத்தைப் போல வேஷம் கட்டியவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

முதலில் திருச்சி உறையூர்ச் சுருட்டு. இரண்டு முனையும் வெட்டித் திறந்தே இருக்கும், தனியாகக் கட்டர் வேண்டாம். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைதான் இதற்குப் பேர்போனது. ஊசிக்காப்பல் என்பது சுருட்டுக்கென்றே அறியப்பட்ட புகையிலை ரகம். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து வரை போன சரக்கு இது. பிரிட்டன் பிரதமராக இருந்த சர்ச்சில் திருச்சிச் சுருட்டுதான் பிடித்தார் என்ற கதையையும் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அவர் கியூபா சுருட்டுப் பிரியர் என்பதுதான் நன்றாகப் பதிவான சங்கதி, அதனால் அந்தக் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடையில் நமக்குப் பக்கத்தில் நின்று வாங்குபவர் கருப்பசாமி படையலுக்கு வாங்குபவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுவை? ஆரம்பமே காட்டம்தான். காய்ந்த வைக்கோல் மணம், கொஞ்சம் மிளகுக் காரம், பின்னால் ஒரு மண்வாசனை. பாதி தாண்டியதும் நன்றாக இருக்கும். கடைசிப் பகுதியில் கசப்பு ஏறும். அங்கே போட்டுவிடுவதுதான் நல்லது. கைவேலை என்பதால் ஒரே கட்டில் இரண்டு சுருட்டு ஒரே மாதிரி இருக்காது. வாங்கும்போது விரலால் நீளவாக்கில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் இழுப்பு வராது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதற்கு உறவுக்காரன் என்று நான் நினைப்பது இத்தாலியின் டோஸ்கானோ. 1815இல் ஃபிளாரன்ஸில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த புகையிலை மழையில் நனைந்து புளித்துவிட, வீணாக்க மனமில்லாமல் சுருட்டி மலிவாக விற்றார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. கதை எப்படியோ, செய்முறை உறுதியானது: கென்டக்கி ரகப் புகையிலையை விறகுத் தீயின் புகையில் பதப்படுத்தி, பிறகு ஈரமாக்கிப் புளிக்கவைப்பார்கள். மேலிலையும் உள்ளிலையும் அதே ரகம். நடுவில் கட்டும் இலை என்று ஒன்று கிடையாது. நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலிந்திருக்கும், கோணல்மாணலாக, பார்க்கச் சுள்ளி மாதிரி. இரண்டாக வெட்டிப் பிடிப்பது அவர்கள் பழக்கம். டோஸ்கனெல்லோ என்பது ஆலையிலேயே பாதியாக வெட்டி வருவது. என் தினசரித் தேர்வு அதுதான், அதாவது தினமும் பிடிக்காதவனின் தினசரித் தேர்வு. விறகடுப்பு வாசனை, தோல், ஃபில்டர் காபிக்கு ஏற்ற கசப்பு. உலர்ந்த சரக்கு என்பதால் அலமாரியில் கிடந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. அறையில் நெடி மறுநாள் வரை இருக்கும், வீட்டார் கோபம் தனிக்கணக்கு.

கியூபா சுருட்டை மலிவுப் பட்டியலில் சேர்ப்பதா என்று சிரிக்கலாம். ஹோஸே எல். பியத்ரா, கின்டெரோ என்ற இரண்டு பெயர்களை அங்கே போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். இவை கையால் சுருட்டியவையே. ஆனால் உள்ளே முழு நீள இலைக்குப் பதில் நறுக்கிய துண்டுகள் இருக்கும், விலை குறைவதற்கு அதுவே காரணம். துண்டு இலை என்பதால் வேகமாக எரியும், அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசக்கும், அவ்வப்போது ஒரு துணுக்கு நாக்கில் ஒட்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்று நிதானமாகப் போனால், பியத்ராவின் பிரேவாஸ் என்ற அளவில் கியூபா மணம் தெளிவாகவே கிடைக்கிறது. 133 மில்லிமீட்டர் நீளம், விரலை விடக் கொஞ்சம் பருமன். மாலையில் ஒரு நல்ல உரையாடலுக்குப் போதும்.

கழன்றுகொண்டவை என்றேனே, அவை பெரும்பாலும் செலோபேன் சுற்றிய கட்டுச் சுருட்டுகள். பெயர்கள் வேண்டாம். பளபளப்பான மேலிலை, கனமான உடம்பு, பற்றவைத்ததும் மூக்கில் அமோனியா நெடி. சரியாகப் புளித்து ஆறாத புகையிலை என்பதன் அடையாளம் அது. சில மாதம் டப்பாவில் ஆறப்போட்டால் குறையும், ஆனால் அந்தப் பொறுமைக்கு நான் வேறு எதையாவது வாங்குவேன். பழ வாசனை ஏற்றிய மெஷின் சுருட்டுகளிலும் மனம் ஒட்டவில்லை. அவற்றில் பலவற்றில் இலைக்குப் பதில் புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாள் போல வார்த்ததைத்தான் சுற்றியிருப்பார்கள்.

இனி சேமிப்பு. கியூபா, டொமினிக்கன் வகைகளுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் என்பார்கள். நம் ஊர்க் காற்று பல நாள் அதற்கும் மேலே நிற்கும்; ஈரமூட்டும் மரப்பெட்டியை இங்கே திறந்து மூடுவது பூசணத்துக்கு அழைப்பு. காற்றுப் புகாத சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த 62 அல்லது 65 என்று ஈரப்பதச் சதவீதம் அச்சிட்ட பொட்டலமும் போதும். பணத்தைச் சுருட்டில் போடுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

புகையிலை வண்டு இன்னொரு தொல்லை. வெப்பம் 25 டிகிரி தாண்டினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, ஊசி குத்தியது போல ஓட்டைகள் வரும். சென்னையில் 25 டிகிரி என்பது மார்கழிக் குளிர்! அதனால் எது வந்தாலும், உலர்ந்த சரக்கையும் சேர்த்து, இறுக்கமான பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், அப்புறம் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், பிறகுதான் டப்பா.

புகையை உள்ளே இழுக்காததால் சுருட்டு பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, நிகோடின் வாய்த்தோல் வழியாகவே உடம்புக்குள் போகிறது, வாயில் தங்கும் புகை வாய்ப்புற்றுக்கும் வழி. பழக்கமில்லாதவர் வெறும் வயிற்றில் உறையூர்ச் சுருட்டை எடுத்தால் தலை கிறுகிறுத்துக் குமட்டும். இதுவரை தொடாதவர் தொடவேண்டியதில்லை. ஏற்கெனவே பிடிக்கிறவர் கட்டுக்கட்டாக வாங்கும் ஆசையை அடக்கி, ஒவ்வொரு ரகத்திலும் இரண்டிரண்டு வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில், ஒரே பானத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் அடுத்த வாங்கல் டோஸ்கனெல்லோ ஒரு பாக்கெட்டும் உறையூரில் ஒரு சின்னக் கட்டும்தான். யாராவது ஹவானா பக்கம் போனால் பியத்ரா. வரும் பயணி 25 சுருட்டு வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதையும் காதில் போட்டு வைக்கலாம்.