நீமோவை முப்பது தடவை பார்த்த பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. மெயில் எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை, பழைய மெயிலைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். ஆர்டர் கொடுக்கும் பையர் போனில் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். ஷிப்மென்ட், ஃபேப்ரிக், லேப் டிப் (கேட்ட நிறம் வருகிறதா என்று பார்க்கச் சாயமிடும் சிறு துணி மாதிரி) எல்லாம் புரியும். நடுவில் ஹோல்ட், புட், கெட், லெட் என்று ஓடும் சில்லறைச் சொற்கள்தான் காலை வாரும்.

அனிமேஷன் படம் பார்த்து ஆங்கிலம் கற்க வேண்டும் என்று நான் திட்டமெல்லாம் போடவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் மகளுக்காக ‘ஃபைண்டிங் நீமோ’ போட்டேன். 2003இல் வந்த படம், 100 நிமிடம். இதுவரை முப்பது தடவையாவது ஓடியிருக்கும். தினமும் சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம், விட்ட இடத்திலிருந்து. அவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம்.

சாகசப் படத்தில் ஒரு வசதி இருக்கிறது. யாராவது ஒருவர் எப்போதும் ஆபத்தில் இருப்பார். ஆபத்தில் யாரும் நீட்டி முழக்கிப் பேச மாட்டார்கள். பிடி, விடு, ஓடு, பார்த்து, திரும்பு என்றுதான் கத்துவார்கள். சொல் காதில் விழும் அதே நொடியில் அதன் பொருள் திரையில் நடக்கிறது. அகராதி வேண்டியதில்லை. பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசும் படங்களில் இது கிடைக்காது. முயன்று பார்த்துவிட்டேன்.

‘லெட் கோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட மகன் நீமோவைத் தேடிப் போகும் தகப்பன் மீன் மார்லினும், கூட வரும் டோரி மீனும் திமிங்கிலத்தின் வாய்க்குள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிடியை விட்டுவிடச் சொல்கிறது டோரி. மார்லினுக்கு மனம் வரவில்லை. பத்தாவது தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது: அந்தத் தகப்பன் விட வேண்டியது திமிங்கிலத்தின் நாக்கை மட்டுமல்ல, மகனையும்தான். நம் ‘விடு’வும் இப்படித்தானே? கையையும் விடுகிறோம், ‘சரி விடுப்பா’ என்று மனத்தாங்கலையும் விடுகிறோம். தமிழில் இதற்கு ஜோடி கிடைத்த பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. நீந்திக்கொண்டே இரு என்று டோரி பாடும் இடமும் அப்படித்தான். நம் ‘கொண்டே இரு’ செய்கிற வேலையை அங்கே ‘கீப்’ செய்கிறது. இலக்கணப் புத்தகத்தில் படித்தபோது ஏறாதது ஒரு மறதிக்கார மீன் சொல்லி ஏறியது.

இன்னொரு இடம். ‘எஸ்கேப்’ என்று எழுதியிருப்பதை டோரி ‘எஸ்காபே’ என்று எழுத்துக்கூட்டி வாசிக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில் நாங்கள் அத்தனை பேரும் டோரிதான்.

குறைகளுக்கு வருவோம். முதல் ஆறு மாதம் ஆங்கில சப்டைட்டிலுடன் பார்த்ததில் பாதி வீண் என்பேன். கண் வாசித்தது, காது தூங்கியது. இப்போது ஒரு காட்சியை முதலில் எழுத்தோடு பார்க்கிறோம், மறுநாள் எழுத்தில்லாமல். அப்புறம், படத்துச் சொல் எல்லாமே வீட்டுக்கு ஆகாது. படகைக் குட்டி மீன்கள் தவறாக ‘பட்’ என்று சொல்லும், அதுதான் அங்கே நகைச்சுவை. என் மகள் அதைப் படகுக்கான சரியான சொல் என்றே நம்பி, வகுப்பில் படம் பார்த்துப் பெயர் சொல்லும்போது சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லுக்குப் பின்புறம் என்று பொருள். டீச்சரிடம் விளக்கம் சொல்லப் போனது நான். ஆமைகளிடமிருந்து பிடித்துக்கொண்ட ‘டூட்’ (நம் ‘மச்சி’ மாதிரி) தனிக்கதை.

வேறு படங்களும் பார்த்தோம். ‘அப்’ (2009) எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் அதில் ஒரு நகைச்சுவை எங்களுக்குப் பிடிபடவே இல்லை. தாத்தா சிறுவனை ‘ஸ்னைப்’ பிடிக்க அனுப்புகிறார். அகராதியில் உள்ளான் என்று இருந்தது. உள்ளான் பிடிப்பதில் என்ன சிரிப்பு? இல்லாததைத் தேட வைத்துப் புதியவர்களைக் கேலி செய்வது அமெரிக்காவில் பழைய விளையாட்டு, அதற்குப் பெயரே ‘ஸ்னைப் ஹன்ட்’ என்று பிறகுதான் தெரிந்தது. ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ (2010) படத்தில் அதே தீவில் பெரியவர்கள் ஸ்காட்லாந்து வாடையிலும் பிள்ளைகள் அமெரிக்க வாடையிலும் பேசுவார்கள். ஆரம்பத்தில் இது தலைவலி. ஆனால் எங்களுக்கு எல்லா நாட்டுப் பையரும் வருவதால் எனக்கு அது உதவத்தான் செய்தது. ‘வால்-ஈ’ அருமையான படம். முதல் பாதியில் பேச்சே அநேகமாக இல்லை, சொல் கற்க வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: காது வளர்ந்த அளவுக்கு என் வாய் வளரவில்லை. படம் நம்மைக் கேள்வி கேட்பதில்லையே. ஒரு வருடமாக வசனத்தை நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்கிறோம். மகள் அச்சாக அதே ராகத்தில் சொல்லிவிடுகிறாள், எனக்குக் கோவை வாடை போகவில்லை. போக வேண்டும் என்றும் இல்லை.

போன மாதம் ஒரு பையர் போனில் வந்தார். நீல நிறத்துக்கு மூன்றாவது லேப் டிப்பும் ஒத்து வரவில்லை. பெருமூச்சு விட்டு அந்த நிறத்தை ‘லெட் கோ’ பண்ணலாம் என்றார். முன்பாக இருந்தால் ‘எஸ் சார்’ சொல்லிவிட்டு, மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பேன். இந்தத் தடவை திமிங்கிலத்தின் வாய் கண்ணுக்குள் வந்தது. நேரே சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டு, நீலத்தை நிறுத்தச் சொன்னேன்.