காது மைக்கா, காலர் மைக்கா? வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மேடையில் ஆடிக்கொண்டே பாடுபவருக்கும், நடித்துக்கொண்டே வசனம் பேசுபவருக்கும் கையில் பிடிக்கும் மைக் உதவாது. உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும், பார்வையாளர் கண்ணில் படக்கூடாது, வியர்வையையும் இழுபறியையும் தாங்க வேண்டும். இதற்குக் கடையில் கிடைப்பவை முக்கியமாக மூன்று: சட்டையில் குத்தும் காலர் மைக், காதில் மாட்டும் மெல்லிய தண்டு மைக், ட்ரான்ஸ்மிட்டரும் (ஒலியை வயரில்லாமல் ரிசீவருக்கு அனுப்பும் கருவி) மைக்கும் ஒரே பெட்டியாக வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் க்ளிப் மைக். மேடைக்கு நான் தேர்ந்தெடுத்தது காது மைக். அதிலும் ஓம்னி வகை (எல்லாத் திசை ஒலியையும் ஒரே மாதிரி எடுப்பது), வயரைக் கழற்றி மாற்றக்கூடியது. வெளிப்புறப் பதிவுக்குக் காலர் மைக்கும் வைத்திருக்கிறேன். அதன் காரணம் பின்னால் வருகிறது.

க்ளிப் மைக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். பேட்டிக்கும் வீடியோவுக்கும் வசதியானது. சில மாடல்கள் உள்ளேயே பதிவு செய்துகொள்வதால், சிக்னல் அறுந்தாலும் ஒலி தப்பிவிடும். ஆனால் நெஞ்சில் ஒரு பெட்டி தொங்குவதை மறைக்க முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். பேசுபவர் ரிசீவருக்கு முதுகைக் காட்டினால் சிக்னல் திணறும். அரங்கில் நூற்றுக்கணக்கான கைபேசிகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடக்கூடும்.

மிச்சம் இரண்டு. ஒலி அளவில் மேடையில் காது மைக்தான் ஜெயிக்கும், கணக்கு எளிது. காலர் மைக் வாயிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி இருக்கும். காது மைக்கின் முனை 2.5 செ.மீ. தூரத்தில் இருக்கும். தூரம் பாதியாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும் என்பதால், எட்டில் ஒரு பங்கு தூரத்துக்கு 18 டெசிபெல் கிடைக்கிறது. மிக்சரில் கெயினை (மைக் ஒலியை ஏற்றும் அளவை) அந்த அளவுக்குக் குறைத்து வைக்கலாம். மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) பக்கத்திலேயே இருந்தாலும், ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப ஏறி ஊளை எழுவதற்கு முன் நிறைய இடம் இருக்கும். தலையைத் திருப்பினாலும் குரல் அளவு மாறாது. காலர் மைக்கில் பேசுபவர் பக்கவாட்டில் திரும்பிய நொடியே குரல் இறங்கிவிடும். தாடையின் நிழலில் இருப்பதால் சொற்களுக்குத் தெளிவு தரும் 3–4 கிலோஹெர்ட்ஸ் பகுதியும் மங்கும், அதை மிக்சரில் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

ஊளைக்குப் பயந்து கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் வகை) வாங்குபவர்கள் உண்டு. மானிட்டர் மிகச் சத்தமாக ஓடும் மேடைக்கு அது சரி. மற்ற இடங்களில் நான் ஓம்னியையே சொல்வேன். கார்டியாய்டு மூச்சுக் காற்றுக்கும் உரசலுக்கும் அதிகம் அலறும். முனை அரை செ.மீ. நகர்ந்தால் குரலின் அடர்த்தியே மாறிவிடும். ஓம்னியில் முனையை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்துக்குச் சற்றுப் பின்னால், கன்னத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். ‘பாப்பா, பப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘டப்’ என்று அடித்தால் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

மறைவு என்று வந்தால் காலர் மைக் ஒரு படி மேலே. டிபிஏ கம்பெனியின் 6060 வகையில் தலை 3 மி.மீ. விட்டம்தான், துணி மடிப்பில் காணாமல் போய்விடும். காது மைக்கும் தோல் நிறத்தில் வாங்கினால், சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தண்டு தெரியாது. க்ளோசப் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். படப்பிடிப்பில் காலர் மைக்குக்குப் பதிலாக அது வராததற்கு அதுவே காரணம். நாடக மேடைகளில் காலர் மைக்கை நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுவதும் உண்டு. மறைவும் கிடைக்கும், தலையோடு சேர்ந்தே திரும்பும். ஆனால் நெற்றி வியர்வை நேராக மைக்கின் வாயில் வடியும்.

இதுவரை சொன்னதை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். ஒரு மைக் எத்தனை நாள் உழைக்கும் என்பதை நிர்ணயிப்பது, மைக்கிலிருந்து இடுப்பிலுள்ள ட்ரான்ஸ்மிட்டருக்கு ஓடும் வயர். மைக்கின் தலை சாவது அபூர்வம். கரகர சத்தம், விட்டு விட்டு வருவது, உறுமல் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை வயரிலோ, அதன் நுனியில் ட்ரான்ஸ்மிட்டரில் சொருகும் பின்னிலோதான் முடியும்.

வயர் மூன்று இடங்களில் அறும். முதலாவது, பின்னுக்குள் நுழையும் இடம். ட்ரான்ஸ்மிட்டரை இடுப்புப் பையில் திணிக்கும்போது வயர் அங்கே செங்குத்தாக மடிகிறது. இரண்டாவது, பிடரியில் டேப் ஒட்டும் இடம். நிகழ்ச்சி முடிந்த அவசரத்தில் டேப்பைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுப்பார்கள். மூன்றாவது, தலைக்கு அருகில். உள்ளே இருப்பது மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள், சுற்றிலும் வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு. ஷீல்டு அறுந்தால் உறுமும், வயரைத் தொட்டால் ‘பட்’ என்று கேட்கும். நடுக்கம்பி அறுந்தால் ஒலி வெட்டி வெட்டி வரும். பின்னில் ஈரம் ஏறினால் பொரிவது போன்ற சத்தம் வரும், துடைத்து உலர்த்தினால் நின்றுவிடும்.

சோதிக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வயரை இரண்டு விரலுக்கிடையில் வைத்து 2–3 செ.மீ. இடைவெளியில் மெல்ல உருட்டிக்கொண்டே போங்கள். இரு முனைகளிலும் நாலாப்பக்கமும் மடக்கிப் பாருங்கள். எங்கே கரகரக்கிறதோ அங்கேதான் முறிவு.

வயர் நிரந்தரமாக ஒட்டிய மைக்கில் முறிவு சொருகும் பின்னுக்கு அருகில் என்றால், 3–4 செ.மீ. வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்யலாம். கூர்மையான சால்டர் முனையும் பொறுமையும் வேண்டும். கம்பிகளோடு பலத்துக்காக ஓடும் அராமிட் நூலைப் பின்னின் இறுக்கியில் சேர்த்துக் கட்டாவிட்டால் ஒரே வாரத்தில் மறுபடி அறும். முறிவு தலைப் பக்கம் என்றால் கம்பெனிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை, பல சமயம் புதிதே வாங்க வேண்டியிருக்கும். கவுண்ட்ரிமேன் கம்பெனியின் ஈ6 போன்ற காது மைக்கில் வயரைத் தனியாகக் கழற்றி வேறொன்றைச் சொருகினால் வேலை முடிந்தது. இடைவேளைக்குள் செய்துவிடலாம். கரகரப்பு தலையிலா வயரிலா என்ற சந்தேகமும் அந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஷூர் ட்ரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் நாலு பின் சாக்கெட், சென்ஹைசரின் பல மாடல்களில் திருகிப் பூட்டும் 3.5 மி.மீ. ஜாக், சிலவற்றில் மூன்று பின் உள்ள லெமோ வகை சாக்கெட். ஒன்றின் பின் இன்னொன்றில் நுழைந்தாலும் உள்ளே வயரிங் வேறு என்றால் சத்தமே வராது. நாளை ட்ரான்ஸ்மிட்டரை மாற்றினால் ஈ6-க்கு வயரை மட்டும் மாற்றினால் போதும். டிபிஏ தன் மைக்ரோடாட் என்னும் பின் மூலம் இதே வசதியைத் தருகிறது: அடாப்டரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வயர் அறுந்தால் அந்த அடாப்டர் காப்பாற்றாது.

கழற்றும் இணைப்புக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. காதுக்குப் பின்னால் இருப்பதால் வியர்வை அதற்குள் இறங்கப் பார்க்கும். தினமும் கழற்றி மாட்டினால் தொடுமுனை தளரும். அதனால் தேவைப்பட்டால் மட்டும் கழற்றுங்கள், இணைப்பின் மேல் மெடிக்கல் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். வயர் தடிமனில் 1 மி.மீ., 2 மி.மீ. என்று தேர்வு இருந்தால் 2 மி.மீ. எடுங்கள், பிடரியில் தெரியாது. நடனக்காரர்களுக்கு அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். ஆளுக்கு ஆள் மாறுகிறது. மைக் ஒன்றுக்கு இரண்டு உபரி வயர் கையிருப்பில் இருக்கட்டும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் லேசாக ஈரமான துணியால் வயரைத் துடையுங்கள். மேக்கப் எண்ணெய் படிந்தால் மேலுறை விறைத்துவிடும். குரல் திடீரென்று மங்கினால் மைக் முனையின் சிறு மூடியில் வியர்வைத் துளி அடைத்திருக்கும், மூடியைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். அழுத்தக் காற்றை மைக்கின் வாயில் அடிக்காதீர்கள், உள்ளே ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கிழியும். ட்ரான்ஸ்மிட்டரைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றாமல், உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டி சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

வெளிப்புறப் பதிவில் மட்டும் என் தராசு காலர் மைக் பக்கம் சாயும். ஸ்பீக்கர் இல்லாததால் ஊளை பயம் இல்லை. எதிரி காற்றுதான். காது மைக்கின் முனை திறந்த வெளியில் நிற்கும், அதன் சின்ன ஸ்பாஞ்ச் உறை இளங்காற்றோடு தோற்றுவிடும். காலர் மைக்குக்கு ரோம உறை போட்டுத் துணிக்கு அடியில் தள்ளிவிடலாம். அப்போது துணி உரசும். மெடிக்கல் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து இரண்டு செய்து, நடுவில் மைக்கை வைத்து, இரு பக்கத் துணியோடும் ஒட்டிவிடுங்கள். துணியும் மைக்கும் சேர்ந்தே அசைந்தால் உரசலுக்கு இடமில்லை. பருத்தி அமைதியாக இருக்கும், பட்டும் பாலியெஸ்டரும் சரசரக்கும். மைக்குக்குக் கீழே வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு டேப் ஒட்டினால் இழுப்புச் சத்தம் மேலே ஏறாது. ஓம்னி என்பதால் தலைகீழாகவும் வைக்கலாம், மூச்சும் மழைத்துளியும் நேராக விழாது. பதிவுக் கருவியில் அடித்தொனி இரைச்சலை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 80 ஹெர்ட்ஸில் போட்டு, காற்று பலமானால் 120-க்கு ஏற்றுங்கள்.

மழை வந்தால் மைக்கை விட ட்ரான்ஸ்மிட்டருக்குத்தான் ஆபத்து. எண்ணெய்ப்பசை இல்லாத ஆணுறைக்குள் அதைப் போட்டு வாயைக் கட்டுவது ஒலிப்பதிவாளர்கள் பலரும் செய்வது. உள்ளே சூடேறும், வியர்க்கும். அதனால் இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுப் புது உறையில் போடுங்கள்.