கியோட்டோவா, பாரிஸா, கிகாலியா?

நகரத்தார் கல்யாணம் என்றால் அவரவர் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மாலை வந்தால்தான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். புள்ளி என்றால் கோயிலுக்குப் புள்ளி வரி உண்டு. வேண்டாம் என்று விலகிப் போனால் யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் போனால் என்ன போகும் என்பது செட்டிநாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பருவநிலை ஒப்பந்தங்களையும் இப்படித்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. இலக்கு எவ்வளவு பெரிது என்பது அப்புறம். வெளியே போகிற நாட்டுக்கு என்ன நஷ்டம்? உள்ளே இருக்கிற ஏழை நாட்டுக்கு என்ன கிடைக்கும்?

முதலில் கியோட்டோ. 1997-இல் உருவாகி 2005-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தொழில்வள நாடுகள் 2008 முதல் 2012 வரை, 1990-ஆம் ஆண்டு அளவைவிடச் சராசரியாக 5 சதவீதம் போலக் குறைக்க வேண்டும். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இலக்கு கிடையாது. அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் இந்தியர் ஒருவரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு என்றால், அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன். ஆனால் கட்டாயம் என்பது காகிதத்தோடு சரி. இலக்கைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் 30 சதவீதம் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்பது தண்டனை. அடுத்த சுற்றில் இலக்கே ஏற்காவிட்டால்? ஜப்பானும் ரஷ்யாவும் அதைத்தான் செய்தன. அமெரிக்கா கையெழுத்துப் போட்டும் அங்கீகரிக்கவில்லை. கனடா 2011-இல் விலகல் அறிவிப்புக் கொடுத்தது. யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

2015 பாரிஸ் ஒப்பந்தம் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. அவரவர் இலக்கை அவரவரே எழுதிக்கொள்ளலாம், 5 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டி எழுத வேண்டும். அதனால்தான் ஏறக்குறைய எல்லா நாடும் வந்தது. இந்தியாவின் இலக்குகளில் ஒன்று, 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாததாக இருக்க வேண்டும் என்பது. 2025 நடுவிலேயே எட்டியாயிற்று. (திறனில்தான் பாதி. வீட்டுக்கு வரும் கரண்ட்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான்.) அமெரிக்கா 2020-இல் போனது, 2021-இல் வந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகல் அறிவித்தது. இங்கும் வெளியே போகிற நாட்டுக்கு வாசலில் ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாவது வழி, கார்பனுக்கு விலை வைப்பது. ஸ்வீடன் 1991-லேயே வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல், கார்பனை வெளியிடும் உரிமத்தை ஆலைகள் வாங்கி விற்கும் உமிழ்வு உரிமச் சந்தையைத் தொடங்கி, உரிமங்களை அள்ளிக் கொடுத்ததில் 2007-இல் விலை பூஜ்யத்தைத் தொட்டது. பிறகு இறுக்கிப் பிடித்து, 2023-இல் டன்னுக்கு 100 யூரோவைத் தாண்டியது. நம் நாட்டிலும் 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கி 400 வரை போன கூடுதல் வரி இருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஐரோப்பா இப்போது இந்த விலையைத் தன் எல்லைக்கே கொண்டுவந்துவிட்டது. 2026 முதல் சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம் போன்றவை அங்கே இறங்கினால் அவற்றின் கார்பனுக்கும் பணம் கட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. ஆத்தங்குடி டைல்ஸ் சூளைக்குப் போவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைப் பூவுக்குப் பூ ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. அதன் கார்பனில் பெரும்பங்கு சிமெண்டுடையது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே வாயு வரும், அடுப்பில் எதை எரித்தாலும். ஆனால் எல்லை வரி மூட்டைச் சிமெண்டுக்குத்தான், அதில் செய்த டைல்ஸுக்கு இல்லை. சரி, அது பிற்பாடு மாறலாம். என் குறை வேறு: வாசலில் வரி வைத்தவர்கள், வசூலை ஐரோப்பியக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஏழை நாட்டுச் சிமெண்ட் ஆலை மாறுவதற்கு அதில் நிதி ஒதுக்கவில்லை.

வெளியே போனால் நஷ்டம், உள்ளே இருந்தால் உதவி என்று இரண்டையும் சேர்த்துச் செய்தது, அதிகம் பேசப்படாத கிகாலி. ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை நிறுத்த 1987-இல் வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையில், அவற்றுக்கு மாற்றாக வந்து பூமியைச் சூடாக்கும் ஏசி, ஃப்ரிட்ஜ் வாயுக்களையும் குறைக்க 2016-இல் சேர்த்த திருத்தம் அது. மாண்ட்ரியல், சேராத நாட்டோடு ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களின் வியாபாரத்தைத் தடுத்தது. சேர்ந்த வளரும் நாடுகளுக்குத் தொழிற்சாலையை மாற்றும் கூடுதல் செலவை ஒரு பொது நிதி கொடுத்தது. உலகத்தில் அத்தனை நாடும் சேர்ந்தன. கிகாலியில் அந்தச் சூட்டு வாயுக்களுக்கு இந்தியாவில் 2028-இல் உச்சவரம்பு, 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பு. கியோட்டோவைத் தொடாத அமெரிக்க செனட் இதை 2022-இல் அங்கீகரித்தது.

தெருவில் தெரிகிற ஒப்பந்தமும் இதுதான். முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் உயரமான மச்சும் வைத்து வெயிலுக்கென்றே கட்டிய கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகள் பல ஹோட்டலாகிவிட்டன. அறைக்கு அறை ஸ்ப்ளிட் ஏசி. வெளியே இருக்கும் யூனிட்டின் ஸ்டிக்கரைப் பாருங்கள். பழையதென்றால் உள்ளே இருக்கும் கேஸ் ஆர்-22; ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது, சூட்டில் இன்னும் மோசம். இப்போது வருகிற ஆர்-32-க்கு 675.

இதையே நிலக்கரிக்கும் செய்துவிடலாமே என்றால், நடக்காது. கேஸ் தயாரிப்பவை சில கம்பெனிகள், மாற்றுக் கேஸும் கையில் இருந்தது. நிலக்கரியை நம்பி ஊர் ஊராகப் பிழைப்பு நடக்கிறது. சிமெண்ட், இரும்பு என்று துறை துறையாக, வாசல் வரியும் பொது நிதியும் சேர்ந்த சின்ன ஒப்பந்தங்கள்தான் சாத்தியம். பாரிஸ் மேலே கூரையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கிகாலியிலும் ஓட்டை உண்டு. அது கணக்குப் பார்ப்பது உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும்தான், ஏற்கெனவே மாட்டிய மெஷினுக்குள் இருப்பதை அல்ல. ஏசியைக் கழற்றி மாட்டும்போது பம்ப் டவுன் (கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது) செய்யாமல் வால்வைத் திறந்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கேஸைப் பிடித்து வைக்கத் தனி மெஷினும் காலிச் சிலிண்டரும் வேண்டும், அந்தச் செலவை பில்லில் போட்டால் எந்த வீட்டுக்காரரும் கொடுக்க மாட்டார்.