1993 மாடல் சைக்கிளில் அட்வென்ட் எக்ஸ்: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

அண்ணன் 1993-ல் வாங்கி, அவனுக்கு அலுத்ததும் என்னிடம் வந்த மவுண்டன் பைக். குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், 26 இன்ச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஃப்ரேமில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் முழங்காலில்தான். மேட்டில் பாதி ஏறியதும் முன்பக்கக் கியரை இறக்கப் போனால், செயின் எதிலும் சேராமல் கரகரவென்று அரைக்கும். அது உட்காருவதற்குள் வேகம் போய்விடும். அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

புது சைக்கிள் வாங்க மனசு வரவில்லை. தைவானைச் சேர்ந்த மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் எக்ஸ் கியர் செட்டை வாங்கி நானே மாட்டினேன். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பத்து.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பழைய சைக்கிளோடு இது சண்டை போடாது. பின்பக்கப் பல்சக்கரக் கொத்துதான் கேசட்; சக்கர நடுவில் அது ஏறும் உருளைதான் ஃப்ரீஹப். இப்போது வரும் 12 ஸ்பீடு (12 பல்சக்கர) கேசட்டுகளில் பல, தமக்கென்று தனி ஃப்ரீஹப் கேட்கின்றன. இதுவோ 8, 9 ஸ்பீடு காலத்து ஷிமானோ வகை ஃப்ரீஹப்பிலேயே ஏறிவிடும். செயினும் சாதாரண 10 ஸ்பீடு செயின் போதும். ஷிஃப்டரும் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) டிரெய்லியரும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம்) மட்டும் ஜோடியாக வாங்க வேண்டும்; வேறு கம்பெனி ஷிஃப்டரை இதனுடன் கலக்க முடியாது.

என் பின்சக்கரத்தின் ஹப் (நடுப்பகுதி) 7 ஸ்பீடு என்பதைத்தான் கோட்டை விட்டேன். அந்த ஃப்ரீஹப் நாலு மில்லிமீட்டர் போலக் குட்டை. கேசட்டை நுழைத்து, பூட்டு வளையத்தைத் திருகத் திருக, மரை பிடிக்கவே இல்லை. அரை மணி நேரம் திருகிய பிறகுதான் அளவுகோல் எடுக்கத் தோன்றியது. நல்ல வேளை, ஃப்ரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 135 மி.மீ. அதே அளவில் 9 ஸ்பீடு ஹப் உள்ள ஒரு பழைய 26 இன்ச் சக்கரம் தேடிப் பிடித்தேன்.

கிராங்கை (பெடலைத் தாங்கும் கையும் பல்சக்கரத்தைப் பிடிக்கும் கைகளும் சேர்ந்த பாகம்) மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த மெலிந்த ஐந்து கை கிராங்க் போய்விட்டால் சைக்கிளின் முகமே போய்விடும். போல்ட் வட்டம் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 110 மி.மீ. என்பதால் 34 பல்லுக்குக் கீழே சக்கரம் கிடைப்பது அரிது. 32 ஆசையை விட்டுவிட்டு, ஒரு பல் தடிமன், ஒரு பல் மெலிவு என்று மாறி மாறி வரும் 34 பல் சக்கரத்தை, பழைய நடுச் சக்கரம் இருந்த இடத்தில் மாட்டினேன். முன்னும் பின்னும் செயின் ஓடும் கோடு அங்கே நன்றாகவே அமைகிறது.

முதல் நாள் ஓட்டும்போது வலது காலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் டிக் என்றது. பெடல், சீட் கம்பி, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சு) எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், இரண்டு சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்த பழைய நீள போல்ட்டுகளையே போட்டிருக்கிறேன். ஒரு சக்கரத்தை மட்டும் அவை எப்படி இறுக்கும்? குட்டை போல்ட் போட்டதும் சத்தம் நின்றது.

இப்போது கணக்குக்கு வருவோம். முன்பு ஆகச் சுலபமான கியர், முன்னால் 24, பின்னால் 28. பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 0.86 சுற்று. இப்போது 34-க்கு 48, அதாவது 0.71. முழங்கால் கும்பிடு போடுகிறது. மறுமுனையில் நஷ்டம் உண்டு: 46-க்கு 12 வைத்து 3.83 சுற்று கிடைத்தது, இப்போது 34-க்கு 11 வைத்து 3.09தான். நீண்ட இறக்கத்தில் கால் சும்மா சுற்றும். தார் ரோட்டில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது பிடிக்காது. கியருக்குக் கியர் இடைவெளியும் பெரிசு. 40-லிருந்து 48-க்குத் தாவும்போது கால் சட்டென்று லேசாகிவிடும்.

டிரெய்லியரை மாட்டியதும் அதன் மேல் குட்டிச் சக்கரம் 48 பல்லில் உரசியது. அந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவை உள்ளே திருகி இடைவெளி கொடுத்த பிறகு சரியாகிவிட்டது.

எனக்கு ஆகப் பிடித்தது கிளட்ச், அதாவது செயின் துள்ளாமல் டிரெய்லியரை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு. கல்லும் பள்ளமுமான பாதையில் பழைய செயின் ஃப்ரேமில் தடதடவென்று அடிக்கும். 30 வருஷத் தழும்புகள் பெயின்ட்டில் இருக்கின்றன. இப்போது டயர் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றும்போது மட்டும் கிளட்ச் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கை வலிக்கும். இடது கட்டைவிரல்தான் பாவம், இன்னும் இல்லாத ஷிஃப்டரைத் தேடுகிறது.

பிரேக்கையும் கையோடு மாற்றினேன். பழைய கான்டிலீவர் வகை பிரேக்குக்குப் பதில், 1996-ல் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக் வகை. அதே குமிழ்களில் உட்காரும், ஆனால் பழைய லீவர் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும். லீவரையும் சேர்த்து மாற்றாவிட்டால் பிரேக் சரியாக வேலை செய்யாது. டிஸ்க் பிரேக் பக்கம் போகவில்லை; அதை மாட்ட இந்த ஃப்ரேமில் இடமே இல்லை.

மேடு ஏற முடியாமல் மூலையில் நிற்கும் ஸ்டீல் சைக்கிள் உங்களிடம் இருந்தால் இந்தச் செட்டைத் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் பின்பக்க இடைவெளி, ஃப்ரீஹப் நீளம், கிராங்கின் போல்ட் வட்டம் மூன்றையும் அளந்துவிடுங்கள். குட்டை போல்ட்டையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.